பத்துப் பேர் பதின்மூன்று பேரை மறிப்பது: கிளித்தட்டுப் பிள்ளைகளுக்கு றக்பி லீக் பழக்குதல்

கிளிநொச்சிப் பக்கம் உடற்கல்வி படிப்பிக்கிறேன். றக்பி லீக் என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் றக்பியின் ஒரு வகை. அதைப் பழக்க வந்தால் முதல் நாள் பந்தைத் தொட விடாதீர்கள். ஹரோல்ட் வாக்ஸ்டாப் என்ற பழைய றக்பி லீக் வீரரின் கதையைச் சொல்லுங்கள்.

1891இல் இங்கிலாந்தின் யோர்க்சயரில் பிறந்தவர். 1906இல், 15 வயதில், ஹடர்ஸ்பீல்ட் அணிக்கு இறங்கினார். அணிக்கு 15 பேர் என்றிருந்ததை 13 ஆகக் குறைத்ததும் அதே ஆண்டுதான். 17 வயதில் இங்கிலாந்துக்கு ஆடினார். இதைச் சொன்னதும் பத்தாம் வகுப்புப் பொடியன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம் 1914 ஜூலை 4, சிட்னி. எட்டு நாளில் மூன்றாவது டெஸ்ட். பிரித்தானிய அணிக்கு வாக்ஸ்டாப் தலைவர். மாற்று வீரர் இறக்கும் வழக்கம் அன்று இல்லை. காயப்பட்டவர்கள் வெளியேற, ஒரு கட்டத்தில் 13 அவுஸ்திரேலியர்களுக்கு எதிரே பத்துப் பேர்தான் நின்றார்கள். வென்றது அந்தப் பத்துப் பேரின் அணி, 14க்கு 6. கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்: அன்று ட்ரைக்கு (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) 3, கோலுக்கு (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே அனுப்புவது) 2. பிரித்தானியருக்கு இரண்டு ட்ரை, நான்கு கோல். இன்று ட்ரைக்கு 4.

சரி, இனி வெளியே வாருங்கள். கிரவல் மைதானம் வேண்டாம், முழங்கால் உரஞ்சும். காலபோக அறுவடை முடிந்த வயலில் அரிதாளைச் செருக்கிவிட்டுக் கோடு போடுங்கள். பத்துப் பேரை ஒரே வரிசையில் நிறுத்துங்கள். கிளித்தட்டில் அவரவர் தட்டை அவரவர் காப்பார். இங்கே வரிசை முழுவதும் சேர்ந்தே முன்னேற வேண்டும். கிளித்தட்டில் கிளியாக ஆடும் கெட்டிக்காரப் பொடியன் ஒருவன் என்னிடம் இருந்தான். எப்போதும் தனியாக முன்னே பாய்வான். அவன் விட்ட இடைவெளியால் பந்து போய்விடும். பக்கத்தில் நிற்பவனின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே நகரச் சொன்னேன். இரண்டு பின்னேரத்தில் திருந்தினான்.

எதிராளியின் தோளைப் பார்த்தால் ஏமாறுவார்கள். இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். உட்பக்கத்தை அடைத்து, ஓடுபவரை எல்லைக்கோட்டுப் பக்கம் ஒதுக்க வேண்டும். முதல் இரண்டு கிழமை இரு கையாலும் தொட்டால் போதும். பிடித்து விழுத்துவதை முழந்தாளில் நின்று பழக்குங்கள்: கன்னம் ஓடுபவரின் இடுப்போடு ஒட்டட்டும், தலை ஒருபோதும் அவருக்கு முன்னால் போகக் கூடாது. பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னே உருட்டுவார். கையால் கொடுப்பதும் பின்பக்கம்தான். உதைபந்தாட்டப் பிள்ளைகளுக்கு இது வர நாளெடுக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள். சிட்னியில் பிரித்தானிய வீரர் டக்ளஸ் கிளார்க் கைப் பெருவிரல் முறிந்த பின்னும் ஆடினார்; பிறகு காறை எலும்பும் முறிந்தது. அந்தப் பகுதியைச் சொல்லும்போது, உங்கள் வயலில் ஒரு பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிடுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.