‘பிக் அப்’ பழகலாம் வாங்க

“வண்டியில பிக்கப்பே இல்ல”, “ஜங்ஷனுக்குப் போயி மாமாவ பிக்கப் பண்ணிட்டு வா”, “போன பிக்கப் பண்ண மாட்டேங்கான்”. இந்தச் சொல் தெரியாதவர் நெல்லைச் சீமையில் கிடையாது. அதை ஆங்கில வாக்கியத்தில் வைக்கும்போதுதான் நாக்கு தடுமாறும்.

படி 1: ஆளைக் கூட்டி வருவது

நெல்லை எக்ஸ்பிரஸில் மாமா வருகிறார். ‘ஐ வில் பிக் அப் மாமா’, ‘ஐ வில் பிக் மாமா அப்’ இரண்டுமே சரி. ஆனால் மாமாவுக்குப் பதில் ‘ஹிம்’ போட்டால், அது நடுவில்தான் வரும்: ‘ஐ வில் பிக் ஹிம் அப் அட் த ஜங்ஷன்’. ‘பிக் அப் ஹிம்’ தப்பு. மீ, ஹெர், தெம், இட் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அதனால் நாலைந்து தடவை வாய்விட்டே சொல்லிப் பாருங்கள்: பிக் மீ அப், பிக் ஹெர் அப், பிக் தெம் அப். மாமாவைத் திரும்ப ரயிலேற்ற ஸ்டேஷனில் விட்டுவிட்டு வருவது ‘ட்ராப் ஆஃப்’.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ‘ஐ பிக்ட் அப் எ கேர்ள் அட் த பஸ் ஸ்டாண்ட்’ என்றால் கேட்பவர் வேறு மாதிரி நினைப்பார். தங்கச்சியைத்தான் கூட்டி வந்தீர்கள் என்றால் ‘மை சிஸ்டர்’ என்றே சொல்லிவிடுங்கள்.

படி 2: பொருளை எடுப்பது, வாங்குவது

கீழே விழுந்த சாவியை எடுப்பதும் பிக் அப், தைக்கக் கொடுத்த சட்டையை டெய்லரிடம் வாங்கி வருவதும் பிக் அப். வருகிற வழியில் அல்வா வாங்கவும் இதுவே போதும்: ‘பிக் அப் சம் அல்வா ஆன் யுவர் வே ஹோம்’.

படி 3: சூடுபிடிப்பது

ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் நின்றால் காற்று ஆளையே தள்ளும். காற்றாலை இறக்கைகள் விறுவிறுவென்று சுற்றும். ‘த விண்ட் ஹேஸ் பிக்ட் அப்’. குற்றாலத்தில் சாரல் விழுந்து கூட்டம் வரத் தொடங்கினால் ‘பிசினஸ் இஸ் பிக்கிங் அப்’. மந்தமாக இருந்தது வேகம் பிடிக்கிறது என்று அர்த்தம். இங்கே நடுவில் எதையும் நுழைக்க முடியாது.

படி 4: கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்வது

புனலூரில் கடை வைத்த அண்ணாச்சி, புத்தகத்தைத் தொடாமலே மலையாளம் பேசுகிறார்: ‘ஹி பிக்ட் அப் மலையாளம் இன் புனலூர்’.

வண்டியின் ‘பிக்கப்’பை வெளிநாட்டாரிடம் சொல்லும்போது ‘ஆக்சிலரேஷன்’ என்பது நல்லது. அமெரிக்கர்களுக்குப் பிக்கப் என்றால் பின்னால் சாமான் ஏற்றும் வண்டி.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள்: “அவங்கள ஆறு மணிக்குக் கூட்டிட்டு வா.”

விடை: ‘பிக் தெம் அப் அட் சிக்ஸ்’.