செடிக்குத் தாகம் பழக்குவது எப்படி

அழகர்கோவில் சாலையில் நர்சரி ஆரம்பித்த புதிதில், ஒரு குடியிருப்புக்கு 200 இட்லிப்பூச் செடிகள் அனுப்பினேன். ஏப்ரல் மாதம். வண்டியில் ஏற்றும்போது இலையெல்லாம் பளபளவென்று இருந்தது. கத்திரி முடிவதற்குள் பாதிக்கு மேல் கருகிவிட்டது. தோட்டக்காரர் சரியாகத் தண்ணீர் விடவில்லை என்று சண்டை போடத்தான் போனேன். செத்த செடி ஒன்றைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டது. வேர் சும்மாடு சுற்றியதுபோல வட்டமாக, கவருக்குள் இருந்த அதே வடிவத்தில். வெளிமண்ணுக்குள் ஓர் இழைகூடப் போகவில்லை. சண்டையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். தினம் இரண்டு வேளை தண்ணீர், வாரம் தவறாமல் யூரியாக் கரைசல் என்று செல்லம் கொடுத்து வளர்த்தவன் நான்தானே.

இப்போது எந்தச் செடியும் வெளியே போவதற்கு ஆறு வாரம் முன்பே வெயிலுக்கும் குறைந்த தண்ணீருக்கும் பழக்க ஆரம்பித்துவிடுகிறேன். முதல் வேலை, யூரியாவை நிறுத்துவது. தழைச்சத்து கூடினால் இலை அகலமாக, மெத்தென்று வரும். குடிக்கும் வாய் பெரிதாகும், வேர் அப்படியே நிற்கும். பதிலாகச் சாம்பல்சத்து உரமான சல்பேட் ஆஃப் பொட்டாஷ், லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, 15 நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றுகிறேன். இலைத்துளைகள் நேரத்துக்கு மூடிக்கொள்ள சாம்பல்சத்து வேண்டும். ஷேட் நெட்டிலிருந்தும் ஒரேநாளில் வெளியே தூக்கக் கூடாது, இலை வெந்துவிடும். முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும், அப்புறம் முழு வெயில்.

தண்ணீரில்தான் கை பழக வேண்டும். நெல்லுக்குச் சொல்கிற காய்ச்சலும் பாய்ச்சலும்தான் இங்கேயும். ஊற்றினால் கவரின் அடித்துளை வழியாக ஒழுகும்வரை ஊற்றுங்கள். மேலாக நனைத்தால் வேர் மேலேயே சுற்றும். அப்புறம் காயவிடுங்கள். நான் கவரைத் தூக்கிப் பார்ப்பேன். ஊற்றிய அன்று இருந்த கனம் நன்றாகக் குறைந்தால்தான் அடுத்த தண்ணீர். மாலை நான்கு மணிக்குக் கொழுந்து லேசாகத் தொங்கும், பயப்படாதீர்கள். காலை ஆறு மணிக்குப் பாருங்கள். தானாக நிமிர்ந்திருந்தால் சரி. அப்போதும் தொங்கினால் எல்லை தாண்டிவிட்டீர்கள், உடனே ஊற்றுங்கள். இப்படித் தினசரியை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, காகிதப்பூ, அரளிக்கு மூன்று நாள்வரை கொண்டுபோகலாம். காகிதப்பூ காயப்போட்டால்தான் பூத்தே தள்ளும். இட்லிப்பூ அந்த அளவுக்குத் தாங்காது, ஒருநாள் இடைவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெறும் கோகோபீட்டில், அதாவது தென்னை நார்த்தூளில், வளர்ந்த செடியை இப்படிக் காயவிடாதீர்கள். அது ஒருமுறை சருகாகிவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும், நடுவில் பொட்டு ஈரம் இருக்காது. என் கலவை செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. கவர் மாற்றும்போது வேரோடு சேர்ந்து வாழ்ந்து செடிக்கு உதவும் வேம் (VAM) பூசணத்தை வேரில் படும்படி வைக்கிறேன். மேலே தூவினால் பிரயோஜனம் குறைவு.

பழக்கிய செடி பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. இலை சிறுத்து, தடித்து, கரும்பச்சையாக இருக்கும். வாங்க வருகிறவர்கள் பக்கத்து நர்சரியின் தளதள செடியைப் பார்த்துவிட்டு என்னிடம் விலை குறைப்பார்கள். கவரைக் கிழித்து வேரைக் காட்டிய பிறகுதான் பேச்சு நிற்கும்.

நடுவதற்குப் புரட்டாசி, ஐப்பசி நல்லது. நடும் முன் கவரோடு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி நிற்கும்வரை வையுங்கள். கவரைக் கிழித்ததும் சுற்றிய வேரை பிளேடால் நான்கு பக்கமும் மேலிருந்து கீழாக ஓர் அரை அங்குல ஆழத்துக்குக் கீறுங்கள். பழக்கிய செடிதானே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். மழை இல்லாவிட்டால் முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும், பிறகு மெல்ல இடைவெளியைக் கூட்டலாம். தூரைச் சுற்றி மூன்று அங்குலத்துக்குச் சருகு போடுங்கள், தண்டில் ஒட்டாமல்.