காற்றுக் கணக்கில் நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் ஓ.எல். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். காற்றுப் பாடம் தொடங்கும் நாளில் மேசையில் ஒரு தட்டு, கொஞ்சம் தண்ணீர், ஒரு மெழுகுதிரி, ஒரு கண்ணாடிக் குவளை இருக்கும். திரியை ஏற்றி மேலே குவளையைக் கவிழ்ப்பேன். சுடர் சுருங்கி அணையும், தட்டிலுள்ள தண்ணீர் குவளைக்குள் ஏறும். ஏன் ஏறியது என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் சொல்லும்: "உள்ளுக்கு இருந்த ஒட்சிசன் முடிஞ்சுது சேர், அந்த இடத்துக்குத் தண்ணி வந்திட்டுது."

வீட்டில் அப்பா அம்மாவும் இதையேதான் படித்திருப்பார்கள். காற்றில் ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்கு, தண்ணீரும் சில வேளை ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது. கணக்குச் சரியாகப் பொருந்திவிட்டதே என்று தோன்றும். ஆனாலும் அந்த விளக்கம் பிழை. காற்றைப் பற்றிய வேறு பல பிழைகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன, அதனால் முதலில் இதைத் தீர்த்துவிடுவோம்.

திரி எரியும்போது தண்ணீர் மட்டத்தைக் கூர்ந்து பாருங்கள். ஒட்சிசன் குறையக் குறையத் தண்ணீரும் மெல்ல ஏற வேண்டும் அல்லவா? அப்படி ஏறுவதில்லை. சுடர் அடங்கும் நேரத்தில்தான் விறுவிறுவென்று ஏறுகிறது. குவளையைக் கவிழ்க்கும் கணத்தில் விளிம்பைப் பார்த்தால் குமிழிகள் வெளியேறுவதும் தெரியும். சூடேறி விரிந்த காற்று வெளியே போகிறது. திரி அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளியே உள்ள வளிமண்டல அமுக்கம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஒரு திரிக்குப் பதில் மூன்று திரி வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். மூன்று திரி வைத்ததற்காகக் குவளைக்குள் ஒட்சிசன் கூடிவிடுமா?

அப்புறம், ஒட்சிசன் முழுவதும் தீர்ந்தா திரி அணைகிறது? இல்லை. 21 வீதத்திலிருந்து ஏறக்குறைய 16 வீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுச் சுடர் அணைந்துவிடும். செலவான அந்த ஐந்தில் மூன்றுக்கு மேல் காபனீரொட்சைட்டாகக் குவளைக்குள்ளேயே திரும்பி வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஐந்தில் ஒரு பங்கை உண்மையிலேயே காட்ட வேண்டுமென்றால் துருவிடம் போக வேண்டும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரில் துருப்பிடிக்கிற வகையாகப் பார்த்துக் கொஞ்சம் எடுங்கள். வினாகிரியில் அலசி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, நீளமான சோதனைக் குழாயின் அடியில் செருகி, குழாயைத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்திவிடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் சில நாட்களில் நார் செம்மண் நிறமாகும். 20 சென்ரிமீற்றர் குழாயில் தண்ணீர் 4 சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டி, அங்கேயே நின்றுவிடும். இங்கே சூடும் இல்லை, சுடரும் இல்லை. இரும்பு ஒட்சிசனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவைத்திருக்கிறது.

அந்த மற்றது முழுவதும் நைதரசன் என்று எழுதுவது அடுத்த பிழை. உலர் காற்றில் நைதரசன் 78.08 வீதம், ஒட்சிசன் 20.95 வீதம், ஆகன் 0.93 வீதம். இவ்வளவு பேச்சுக்கு ஆளாகும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 0.042 வீதம்தான். ஆகன் அதைப்போல 20 மடங்குக்கு மேல் இருந்தும் 1894 வரை உலகத்துக்கே தெரியாது. காற்றிலிருந்து பிரித்த நைதரசன், அமோனியாவிலிருந்து எடுத்த நைதரசனைவிட அரை வீதம் கனமாக இருப்பதை பௌதிக விஞ்ஞானி ரேலி பிரபு கவனித்தார். நிறுத்ததில் பிழை என்று தள்ளிவிடாமல் திரும்பத் திரும்ப நிறுத்தார். இரசாயன விஞ்ஞானி ராம்சேயும் சேர்ந்துகொள்ள, ஒளிந்திருந்த வாயு அகப்பட்டது. 1904இல் ரேலிக்குப் பௌதிகத்திலும் ராம்சேக்கு இரசாயனத்திலும் நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் விடாமல் சொல்வேன். காற்றில் அரை வீதம் என்பது சின்ன விஷயமல்ல.

கொழும்பில் உலர் காற்று எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டாள், நல்ல கேள்வி. 30 பாகைச் சூட்டில், ஈரம் கனத்த நாளில், காற்றில் 3 வீதத்துக்கு மேல் நீராவிதான். அப்படியான நாளில் காற்றே பாரமாக இருக்கிறது என்கிறோம். உண்மையில் அந்தக் காற்று இலேசானது. நீர் மூலக்கூறின் திணிவு 18, உலர் காற்றின் சராசரி 29. வியர்வை உலராமல் பாரமாவது நம் உடம்புதான்.

ஓரொட்சைட்டும் ஈரொட்சைட்டும்

வாகனப் புகை, மூடிய அறை, காலநிலை மாற்றம் எதைப் பேசினாலும் "காபன் வருது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பரீட்சையில் இந்தக் குழப்பத்துக்குப் புள்ளி குறையும். வீட்டில் உயிரே போகலாம், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

காபனீரொட்சைட்டில் ஒரு காபனுக்கு இரண்டு ஒட்சிசன், காபனோரொட்சைட்டில் ஒன்று. எரிபொருள் நன்றாக எரிந்தால் முன்னது வரும். ஒட்சிசன் போதாமல் அரைகுறையாக எரிந்தால் பின்னதும் சேர்ந்து வரும். முன்னதை ஒவ்வொரு மூச்சிலும் நாமே வெளியே விடுகிறோம். பின்னது குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அறையில் ஒட்சிசன் தாராளமாக இருக்கும், நுரையீரலுக்கும் போகும், ஆனால் குருதியால் அதைச் சுமக்க முடியாது. மெழுகுதிரிக் கதையை நம்புகிறவர்கள் "ஒட்சிசன் முடியவில்லையே, மூச்சு நன்றாகத்தானே வருகிறது" என்று இருந்துவிடுவார்கள். நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் கரகரப்புக்கூட இல்லை. தலையிடி, தலைச்சுற்று, தூக்கம், அவ்வளவுதான் அறிகுறி.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தபோது தொடர்மாடிகளில் ஜெனரேட்டரை நடைபாதையிலும் மூடிய பல்கனியிலும் வைத்து ஓடவிட்டதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். "அது கீழேதான் தங்கும், நாங்கள் மாடியில்தானே" என்றார் ஒருவர். தங்காது. காபனோரொட்சைட்டின் மூலக்கூற்றுத் திணிவு 28, காற்றின் சராசரி 29. காற்றோடு காற்றாகக் கலந்து வீடு முழுக்கப் பரவும். ஜெனரேட்டரின் இடம் திறந்த வெளி, யன்னல்களிலிருந்து தள்ளி. மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவதும் இதே ஆபத்துத்தான்.

கண்ணையும் மூக்கையும் நம்புவது

காலி வீதியில் கரும்புகை கக்கும் பஸ்ஸைப் பார்த்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறோம். சரி. ஆனால் பின்னால் புகையே தெரியாமல் வரும் காரைச் சுத்தமானது என்று நினைக்கிறோமே, அது பிழை. இலங்கையில் 2002இல் பெற்றோலிலிருந்து ஈயத்தை நீக்கினார்கள். பிள்ளைகளின் மூளைக்குச் செய்த பெரிய நன்மை அது. ஈயம்தான் போனது, நைதரசனின் ஒட்சைட்டுகள் போகவில்லை. எஞ்சினின் கடும் சூட்டில் காற்றிலிருக்கும் நைதரசனும் ஒட்சிசனுமே ஒன்றுசேர்ந்து உண்டாகிறவை அவை. எரிபொருளை எவ்வளவு சுத்தமாக்கினாலும் காற்று உள்ளே போகும்வரை அவை வரும்.

நம்மை அதிகம் பாதிக்கும் துகள்களும் கண்ணுக்கு அகப்படாதவைதான். பி.எம். 2.5 என்றால் குறுக்களவு 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைந்ததுமான துகள்கள். தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே புகைக்குழாயில் பிறப்பவையும் அல்ல. கந்தகவீரொட்சைட்டும் நைதரசனீரொட்சைட்டும் வாயுவாக வெளியேறி, காற்றிலேயே சல்பேற்று, நைத்திரேற்றுத் துகள்களாக மாறும். துகள் மொத்தமாகச் சேரும்போது தூரத்துக் கட்டடங்களை மறைக்கும் மங்கலாகத் தெரியும். தை மாதத்துக் காலையில் அதைப் பார்த்து "இன்றைக்கு நல்ல பனி" என்று நடக்கப் போகிறவர்கள் பலர். காற்று அசையாத இரவில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மூடியிட்டதுபோல் தங்கிவிடும். அதற்குள் விடிகாலை வாகன நெரிசலின் புகையும் சேரும். அதிகாலைக் காற்று எப்போதும் சுத்தமானது என்ற நம்பிக்கை அந்த மாதங்களில் பொருந்தாது. இழுப்பு உள்ள முதியவர்கள், கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகு நடப்பது நல்லது.

வீட்டுக்குள் வருவோம். மாலை ஆறு மணிக்கு யன்னலைச் சாத்திக் கட்டிலுக்கு அடியில் நுளம்புச்சுருள் கொளுத்துவது கொழும்பில் பல வீடுகளின் வழக்கம். மணம் பழகிவிட்டதால் அதைப் புகையாகவே யாரும் எண்ணுவதில்லை. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. குழந்தை படுக்கும் அறையில் அதை வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நுளம்பு வலை இருக்கிறது. சுருள் வேண்டியே வேண்டுமென்றால் பல்கனியில் வையுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, இரவுச் சுருளால் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீரை ஊற்றிவிடுவதே அதற்கு மருந்து.

காற்றைச் சுத்தமாக்க வீட்டுக்குள் செடி வைப்பவர்களும் உண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், நாசா 1989இல் செய்த பரிசோதனை, இறுக மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. யன்னல் இடுக்கால் போய்வரும் காற்றுக்கு ஈடுகட்ட ஒரு சதுர மீற்றருக்கு குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று 2019இல் கணக்குப் பார்த்தார்கள். அழகுக்கு வையுங்கள்.

ஓசோன்

மேலே இருப்பது நல்லது, கீழே இருப்பது கெட்டது, இரண்டும் ஒரே வாயு. இதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். 15 முதல் 35 கிலோமீற்றர் உயரத்தில் அது புறஊதாக் கதிரைத் தடுக்கிறது. அங்கே ஓட்டை போட்டவை குளிர்சாதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோபுளோரோ காபன்கள். 1987இன் மொன்றியல் உடன்படிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தியது. வாகனப் புகையால் ஓசோன் படலம் ஓட்டையாகிறது என்று எழுதினால் பிழை.

தரைமட்ட ஓசோன் எந்தப் புகைக்குழாயிலிருந்தும் வருவதில்லை. நைதரசனீரொட்சைட்டின் மீது வெயில் பட்டால் ஓர் ஒட்சிசன் அணு கழன்று, பக்கத்து ஒட்சிசன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகும். எரியாத எரிபொருள் ஆவி அதை இன்னும் பெருக்கும். நெரிசலான சந்தியில் புதிதாக வெளிவரும் நைத்திரிக் ஒட்சைட்டு ஓசோனைத் தின்றுவிடுவதால், சந்தியைவிடக் காற்றடிக்கும் திசையில் சில மைல் தள்ளி ஓசோன் கூடுதலாக இருப்பதும் உண்டு. "ஓசோன் விட்டு அறையைச் சுத்தமாக்கும்" கருவி வாங்கி அந்த அறையிலேயே இருக்காதீர்கள், அது நுரையீரலை அரிக்கும் வாயு.

செயலியில் காட்டும் எண்

2022 டிசம்பரில் மண்டவுஸ் புயல் நாட்களில் கொழும்பு மங்கிப் போனது. 9ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். இந்தியப் பக்கமிருந்து மாசு காற்றோடு வந்தது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கியது. அன்றைக்குப் பெற்றோர் எல்லோரும் கைபேசியில் காற்றுத் தரச் சுட்டெண்ணைப் பார்த்தார்கள், பலர் அதைக் கன மீற்றருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று படித்துக்கொண்டார்கள். அமெரிக்கச் சுட்டெண்ணில் 100 என்பது நுண்துகள் 35.4 மைக்ரோகிராம். இலங்கையின் 24 மணி நேர வரம்பு 50, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு 15. ஒரே காற்றை ஒருவர் பரவாயில்லை என்றும் இன்னொருவர் மோசம் என்றும் சொல்வது இதனால்தான். துகளின் மைக்ரோகிராமைத் தேடிப் பாருங்கள், ஒரு மணி நேரத்து எண்ணா 24 மணி நேரச் சராசரியா என்றும் பாருங்கள்.

அந்த நாட்களைக் காட்டி, எல்லாம் இந்தியாவிலிருந்து வருகிறது என்று முடித்துவிடுவதும் பிழை. வடகீழ்ப் பருவக்காற்று மாசைக் கொண்டுவருவது உண்மை, தென்மேற்குக் காற்று கடலிலிருந்து வந்து நகரைக் கழுவுவதும் உண்மை. வைகாசியில் கடற்காற்று அடித்தாலும் நம் சந்திகளில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வாகனங்கள் நம்முடையவைதானே. முகக்கவசத்தைப் பற்றியும் ஒரு சொல். என்95 துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. துணிக் கவசம் நுண்துகளுக்குப் போதாது.

கடைசியாக எங்கள் வகுப்பறை. ஏசி போட்டு எல்லாவற்றையும் மூடிய அறையில் ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். "ஒட்சிசன் இல்லை சேர்" என்பார்கள். வாருங்கள், கணக்குப் போடுவோம் என்பேன். அறை 180 கன மீற்றர், பிள்ளைகள் 30 பேர். ஒருவர் மணிக்குச் சுமார் 18 லீற்றர் காபனீரொட்சைட்டு விட்டால் மொத்தம் 540 லீற்றர், அதாவது அறையின் 0.3 வீதம். ஒட்சிசனும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறையும், 20.9 இலிருந்து 20.6 க்கு. அது ஒரு பொருட்டே இல்லை. காபனீரொட்சைட்டோ 0.042 இலிருந்து 0.34 க்கு, எட்டு மடங்காகிவிட்டது. சுவரில் மாட்டும் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது, வெளிக்காற்றை எடுப்பதில்லை. கணக்கைப் பலகையில் முடிக்கும்போது பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து யன்னலுக்குப் போனான். காலி வீதிப் பக்கம் வேண்டாம், கடற்பக்கத்தைத் திற என்றேன். இப்போது ஒவ்வொரு இடைவேளையும் பத்து நிமிடம் அந்த யன்னல் திறந்திருக்கிறது.