கண் தசையின் உணர்வுப் பாதை: படம் வரைவோர் செய்யும் தவறுகள்

கண்ணை அசைக்கும் ஆறு தசைகளுக்கும் எந்தெந்த நரம்பு கட்டளை கொண்டுபோகிறது என்பதில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. தசையிலிருந்து மூளைக்குத் திரும்பும் செய்தியை வரையச் சொன்னால்தான் பேனா தடம் மாறுகிறது.

போன வழியே திரும்பும் என்று வரைவது

கட்டளை கொண்டுபோகும் 3, 4, 6ஆம் மண்டை நரம்புகளின் மேலேயே இருபக்கமும் அம்புக்குறி. மாணவர் தொகுதிக்குத் தொகுதி இதே படம்தான்! கை கால் தசைகளில் இயக்க இழையும் உணர்விழையும் ஒரே நரம்பில் ஓடுவதைப் படித்த பழக்கம் இது. தசையை விட்டுக் கிளம்பும்போது இரண்டும் சேர்ந்தே இருப்பது உண்மை. ஆனால் கண்குழியிலோ, அதற்குப் பின்னால் கேவர்னஸ் சைனஸ் என்ற சிரை அறையிலோ உணர்விழைகள் பிரிந்து, 5ஆம் நரம்பின் (ட்ரைஜெமினல்) கண் பக்கக் கிளையான ஆஃப்தால்மிக் கிளைக்குத் தாவிவிடுகின்றன. குரங்கில் இவற்றின் செல் உடல்கள் பெரும்பாலும் அதே பக்கத்து ட்ரைஜெமினல் கேங்ளியன் என்ற நரம்புக் கணுவில் இருக்கின்றன. மூளைத்தண்டில் அவை போய் முடிவது ஸ்பைனல் ட்ரைஜெமினல் உட்கருவின் (உட்கரு என்பது இங்கே நரம்புச் செல்களின் திரள்) இன்டர்போலாரிஸ் பகுதியிலும் கியூனியேட் உட்கருவிலும். முழங்காலில் தட்டினால் வருவது போன்ற நீட்சி அனிச்சை குரங்கின் கண் தசையில் இல்லை என்று கெல்லரும் ராபின்சனும் 1971இல் காட்டினார்கள்.

அம்புக்குறியை மாற்றிப் போட்டவருக்கு அறுவை அரங்கில் நடப்பது புரியாது. மாறுகண் அறுவையில் மூக்குப் பக்கத் தசையான மீடியல் ரெக்டஸைக் கொக்கியில் மாட்டி இழுத்ததும் குழந்தையின் இதயத்துடிப்பு சரிகிறது. செய்தி 5ஆம் நரம்பு வழியே உள்ளே போய், வேகஸ் (10ஆம் நரம்பு) வழியே இதயத்துக்கு இறங்குகிறது. உடனே, துடிப்பை ஏற்றும் மருந்தான அட்ரோபினைத் தேடுகிறார்கள். முதலில் இழுவையை விடுங்கள். பெரும்பாலும் அதிலேயே துடிப்பு ஏறிவிடும். திரும்பத் திரும்ப வந்தால்தான் அட்ரோபினோ, அதே வகை மருந்தான கிளைகோபைரோலேட்டோ. பாதை 5ஆம் நரம்பு என்பதற்காக, இந்த அனிச்சையைக் கிளப்பும் இழைகளும் கண்ணின் நிலையைச் சொல்லும் இழைகளும் ஒன்றே என்று எழுதிவிடவும் வேண்டாம்.

பூனையின் படத்தை மனிதனுக்கு ஒட்டுவது

மனிதக் கண் தசையில் ஸ்பிண்டில் (தசையின் நீட்சியை உணரும் ஏற்பி) உண்டு, ஆட்டிலும் உண்டு, பூனையில் இல்லை.

பாலிசேட் முனைகளை உணர்வு ஏற்பி என்று அடித்துச் சொல்வது

இந்த நரம்பு முனைகள் தசை தசைநாணோடு சேரும் இடத்தில் இருப்பதால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இவை, இயக்க நரம்புகளைப் போல, அசிட்டைல்கோலின் வகை. செல் உடல்கள் இயக்க உட்கருக்களின் ஓரத்தில் காணப்பட்டுள்ளன. இயக்கமா உணர்வா என்ற வாதம் ஓயவில்லை. விடைத்தாளிலும் அப்படியே எழுதலாம்.

பாதையை வெட்டினால் பார்வை இலக்குத் தவறும் என்பது

தவறாது. 1983இல் குத்ரி, போர்ட்டர், ஸ்பார்க்ஸ் மூவரும் குரங்குகளில் இருபக்க ஆஃப்தால்மிக் கிளையையும் துண்டித்தார்கள். கண்கள் அப்போதும் இலக்கைச் சரியாகவே பிடித்தன. மூளை தன் கட்டளையின் நகலை வைத்தே கணக்குப் போடுகிறது. அப்படியானால் உணர்விழைகளே வீண் என்று அடுத்த கோடிக்குப் போகிறவர்களும் உண்டு. 2007இல் குரங்கு மூளைப் புறணியில் உடல் உணர்வுக்கான 3ஏ பகுதியில், எதிர்ப்பக்கக் கண்ணின் நிலைக்கேற்பத் துடிக்கும் நியூரான்கள் பதிவாயின. அந்தக் கண்குழியை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ததும் அந்தச் சமிக்ஞை நின்றுவிட்டது.