ஆளைச் சுமக்கும் ஹோவர்கிராஃப்ட்: ஒரு பிளைவுட் வட்டு, ஒரு ப்ளோயர்

காற்று மெத்தையின் மேல் மிதந்து செல்லும் வண்டியான ஹோவர்கிராஃப்டைத் தூக்க அதிக அழுத்தம் வேண்டியதில்லை, பரப்பு பெரிதாக இருந்தால் போதும். 60 கிலோ ஆள், பலகை, நாற்காலி, ப்ளோயர் எல்லாம் சேர்த்து 75 கிலோ என்று கொள்வோம். அது 0.8 சதுர மீட்டர் காற்று மெத்தையின் மேல் நின்றால் தேவைப்படும் அழுத்தம் ஏறக்குறைய 920 பாஸ்கல்தான். வளிமண்டல அழுத்தத்தில் இது நூறில் ஒரு பங்குகூட இல்லை. தூசி ஊத ஹார்டுவேர் கடையில் விற்கும் 600 வாட் கை ப்ளோயருக்கே இது எளிது.

கடினமான பகுதி கசிவுதான். அந்த ப்ளோயர் நிமிடத்துக்குச் சுமார் 3 கன மீட்டர் காற்றைத் தரும். உள்ளே போன காற்று முழுவதும் விளிம்பைச் சுற்றி, விநாடிக்கு 40 மீட்டர் அளவு வேகத்தில் வெளியேறும். கணக்குப் போட்டால், தரைக்கும் பலகையின் அடியில் உள்ள பாலித்தீன் ஷீட்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளிதான் கிடைக்கிறது. அதனால் தரையை முதலில் தேர்ந்தெடுங்கள். மொசைக், வழவழப்பான கிரானைட், பள்ளி உள்ளரங்கின் மரத்தரை ஆகியவை சரிவரும். டைல்ஸ் என்றால் இடுக்குகள் ஆழமில்லாமல் இருக்க வேண்டும். மொட்டைமாடி சிமெண்டில் இது நகரவே நகராது.

தேவையானவை: 12 மி.மீ. பிளைவுட், 0.15 மி.மீ. தடிமன் பாலித்தீன் ஷீட், 15 செ.மீ. அகலமுள்ள கெட்டியான பிளாஸ்டிக் மூடி, ஸ்டேப்ளர் கன், டக்ட் டேப், ஒரு போல்ட், இரண்டு பெரிய வாஷர், ப்ளோயர்.

பிளைவுட்டை 1.2 மீட்டர் விட்டமுள்ள வட்டமாக ஜிக்சாவால் அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். ஷீட் கிழிவது பெரும்பாலும் இந்த விளிம்பில்தான். மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, ப்ளோயர் மூக்கின் அளவுக்கு ஒரு துளை போடுங்கள்.

1.6 மீட்டர் சதுர ஷீட்டை விரித்து, அதன்மேல் வட்டை வையுங்கள். ஓரத்தை மேலே மடித்து, 5 செ.மீ.க்கு ஒரு பின் வீதம் அடியுங்கள். முரசுத் தோல்போல் இறுக்கிவிடக் கூடாது. உப்ப இடம் வேண்டும். ஸ்டேப்ளர் பின் வரிசை முழுவதையும் டேப்பால் மூடுங்கள். பிறகு வட்டைத் திருப்பி, மூடியை ஷீட்டோடு சேர்த்து நடு மையத்தில் போல்ட், வாஷர் வைத்து முடுக்குங்கள். இந்த மூடிதான் ஷீட்டை நடுவில் பிடித்து, சுற்றிலும் வளையமாக உப்ப வைக்கிறது.

ஷீட்டில் போட வேண்டிய காற்றுத் துளைகள் ஆறு. மூடியின் ஓரத்தை ஒட்டி, மையத்திலிருந்து 12 செ.மீ. தூரத்தில், சம இடைவெளியில் அமைய வேண்டும். முதலில் அங்கே டேப் ஒட்டி, அதன்மேல் வெட்டினால் கிழிசல் பரவாது. 3 செ.மீ. விட்டத்தில் தொடங்குங்கள், போதாவிட்டால் 5 வரை பெரிதாக்கலாம். பெரிதாகிவிட்டதைச் சிறிதாக்குவது தொல்லை. வளையம் தரையைத் தொடும் இடத்தில் துளை வந்துவிட்டால் அது அடைபடும், நடுவே மெத்தை உருவாகாது. காற்று முதலில் வளையத்தை நிரப்பி, பிறகு துளைகள் வழியே நடுக்குழிவுக்கு வந்து, கடைசியில் விளிம்பால் கசிய வேண்டும்.

ப்ளோயரைப் பொருத்தி, மூக்கைச் சுற்றி டேப்பால் அடையுங்கள். நாற்காலியை ப்ளோயருக்கு எதிர்ப்பக்கமாகச் சில செ.மீ. தள்ளி வைத்தால் எடை சமமாகும்.

ஒரு பக்கம் உரசினால் எடை சாய்ந்திருக்கிறது. ஆளை நகர்த்தி உட்கார வையுங்கள். வளையமே உப்பவில்லை என்றால் ஸ்டேப்ளர் பின் வரிசையில் கசிவு. கையை வைத்துத் தடவினால் காற்று தெரியும். உப்பியும் நகரவில்லை என்றால் துளைகள் சிறியவை, அல்லது தரை சரியில்லை. ஷீட் படபடவென்று அதிர்ந்தால் தொய்வு அதிகம். தானாக ஒரு பக்கம் ஓடினால் தரையில் சரிவு இருக்கிறது.

இதற்கு பிரேக் கிடையாது. சுவருக்கு அருகே தள்ளாதீர்கள், குழந்தைக்கு ஹெல்மெட் கட்டாயம். வயரை இன்னொருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஈரத்தரையில் ஓட்டவே கூடாது. பெட்ரோல் ப்ளோயரை அறைக்குள் இயக்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அது உயிருக்கே ஆபத்து.

பெரிய ஹோவர்கிராஃப்டும் இதே கசிவோடுதான் மல்லுக்கட்டுகிறது. ஹோவர்கிராஃப்டைக் கண்டுபிடித்த கிறிஸ்டோபர் காக்கரலின் எஸ்.ஆர்.என்.1 என்ற வண்டி ஆங்கிலக் கால்வாயை 1959 ஜூலை 25 அன்று கடந்தபோது அதற்கு நெகிழும் ஸ்கர்ட் (விளிம்பைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கி, காற்றை உள்ளே பிடித்து வைக்கும் பகுதி) இல்லை. ஸ்கர்ட் வந்த பிறகே அலையையும் மேட்டையும் தாண்டும் உயரம் கிடைத்தது. தெற்கு இங்கிலாந்தின் சவுத்ஸீ–ரைடு பயணிகள் சேவை 1965 முதல் இதை நம்பியே ஓடுகிறது. ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் இந்தியக் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட் வைத்திருப்பதற்கும் காரணம் தெளிவு. ஆதம் பாலத்து மணல்திட்டுகளுக்கு இடையே ஆழம் மிகக் குறைவு, சாதாரணக் கப்பல் தரைதட்டும். ஹோவர்கிராஃப்டோ தண்ணீரிலிருந்து மணலுக்கு நிற்காமல் ஏறிவிடும்.

பெரிய ஹோவர்கிராஃப்டைத் திருப்புவது மட்டும் வேறு கலை. தண்ணீருக்குள் சுக்கான் இல்லை. பின்புறக் காற்றாடியின் காற்றில் நிற்கும் சுக்கான்கள்தான் வண்டியின் முகத்தைத் திருப்பும். முகம் திரும்பினாலும் வண்டி பழைய திசையிலேயே கொஞ்ச தூரம் வழுக்கும். அதனால் ஓட்டுநர் வளைவுக்கு வெகு முன்பே திருப்பத் தொடங்க வேண்டும். பக்கக் காற்று அடித்தால் மூக்கைக் காற்றை நோக்கிச் சாய்த்தபடியே செல்ல வேண்டும். ஸ்கர்ட்டின் கீழ் நுனி மணலில் தேய்ந்துகொண்டே இருக்கும். அதைத் தனித்தனித் துண்டுகளாக அமைத்திருப்பதால், தேய்ந்ததை மட்டும் கழற்றி மாற்ற முடிகிறது.