உபுண்டுவில் கிரப் மெனுவை வரவைப்பது: டெர்மினலிலேயே ஒரு சின்னத் திருத்தம்

உபுண்டு மட்டும் இருக்கும் கணினியை ஆன் செய்தால், எதை பூட் செய்வது என்று தேர்ந்தெடுக்க உதவும் கிரப் மெனு கண்ணில் படாமலே லாகின் திரை வந்துவிடும். பழைய கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பூட் செய்ய நினைப்பவருக்கு இது இடைஞ்சல். மெனுவை 5 விநாடி நிற்கவைப்போம்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள் (சுடோ = sudo, சிபி = cp, இடிசி = etc, பேக் = bak, டிஃப் = diff).

முதலில், நாம் திருத்தப்போகும் கிரப் அமைப்புக் கோப்புக்கு ஒரு நகல். இதைத் தாண்டிப் போகாதீர்கள்:

சுடோ சிபி /இடிசி/டீஃபால்ட்/கிரப் /இடிசி/டீஃபால்ட்/கிரப்.பேக்

அப்புறம் நானோ எடிட்டரில் கோப்பைத் திறக்கலாம்:

சுடோ நானோ /இடிசி/டீஃபால்ட்/கிரப்

கன்ட்ரோல்+டபிள்யூ அழுத்தி 'டைம்அவுட்' என்று தேடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிகள் இருக்கும் (சமக்குறிக்கு முன்னுள்ள பெயர்கள் கோப்பில் பேரெழுத்தில் இருக்கும்):

கிரப்_டைம்அவுட்_ஸ்டைல்=ஹிடன்
கிரப்_டைம்அவுட்=0

பலர் இரண்டாவதை மட்டும் 5 ஆக்கிவிட்டு, மெனு வரவில்லையே என்று தலையைச் சொறிவார்கள். ஸ்டைல் 'ஹிடன்' என்றே இருந்தால் அந்த 5 விநாடியும் மெனு இல்லாத வெறும் காத்திருப்புதான். அதை 'மெனு' என்றும் மாற்ற வேண்டும்.

சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடக் கூடாது. இந்தக் கோப்பை, கட்டளைகளை இயக்கும் ஷெல்தான் படிக்கிறது. இடைவெளி விட்டால் 'கிரப்_டைம்அவுட்' என்பதை ஒரு கட்டளை என்று நினைத்து, அப்படி எதுவும் இல்லை என்று பிழை காட்டும். அழகுக்காக இடைவெளி விடும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்.

கன்ட்ரோல்+ஓ, என்டர், கன்ட்ரோல்+எக்ஸ். சேமித்தாயிற்று. சரி, எதை மாற்றினோம் என்று ஒருமுறை பார்த்துவிடலாம்:

டிஃப் /இடிசி/டீஃபால்ட்/கிரப்.பேக் /இடிசி/டீஃபால்ட்/கிரப்

அந்த இரண்டு வரிகள் மட்டுமே, பழையதும் புதியதுமாகத் தெரிய வேண்டும். வேறு எதுவும் தெரிந்தால் கை தவறியிருக்கிறது. நானோவில் திறந்து சரிசெய்யுங்கள்.

இன்னும் மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. பூட் ஆகும்போது கிரப் படிப்பது /பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி என்ற வேறொரு கோப்பை. அதில் நேரடியாகக் கை வைத்தால் அடுத்த கர்னல் அப்டேட்டில் எல்லாம் அழிந்துபோகும். 'திருத்தாதே' என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கும். நாம் திருத்தியதிலிருந்து அதைப் புதிதாக உருவாக்க:

சுடோ அப்டேட்-கிரப்

பிழை எதுவும் வராவிட்டால் ரீபூட் செய்து பாருங்கள். பழையபடி வேண்டுமானால் சிபி கட்டளையில் இரண்டு கோப்புப் பெயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்து .பேக் நகலைத் திருப்பி வைத்து, மறுபடி அப்டேட்-கிரப் ஓட்டினால் போதும்.

5-க்குப் பதில் -1 கொடுத்தால், நீங்கள் தேர்ந்தெடுக்கும்வரை மெனு அப்படியே நிற்கும். திரையும் கீபோர்டும் இல்லாத சர்வரில் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள். ரீபூட் செய்தால் திரும்பி வராது.