வீல் பேலன்சிங்: மெஷின்ல ஜீரோ, ரோட்ல ஆட்டம், தப்பு எங்க நடக்குது?

வேலூர் டவுனுக்குள்ள ஓட்டுறவரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க, பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் பக்கம் 80, 90ல போகும்போதுதான் ஸ்டியரிங் கையில கிடுகிடுன்னு ஆடும். "நேத்துதான பேலன்சிங் பண்ணோம், ஜீரோ வந்துச்சே"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. பேலன்சிங்னா சக்கரத்த மெஷின்ல சுத்தவிட்டு, எடை எந்தப் பக்கம் கூடக் குறைய இருக்குன்னு பாத்து, ரிம்ல சின்ன வெயிட் போட்டு சரி பண்றது; ஜீரோன்னா வித்தியாசமே இல்லன்னு அர்த்தம். மெஷின் பொய் சொல்லல. சக்கரத்த மெஷின் ஷாஃப்ட்ல எப்படி மாட்டுனாங்களோ அதுக்குத்தான் அது ஜீரோ காட்டுச்சு.

பெரும்பாலான தப்பு அங்கதான். ரிம் நடு ஓட்டையில துரு, மண்ணு, பழைய கிரீஸ் இருக்கும், அதத் தொடைக்காம, சக்கரத்த நடுவுல நிறுத்துற கூம்பு மாதிரி இருக்குற கோன சொருகி நட்ட முறுக்கிடுவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, 15 கிலோ சக்கரம் 0.1 மில்லிமீட்டர் நடுவ விட்டு விலகி உக்காந்தாலே 15 இன்ச் ரிம்ல 8 கிராம் கிட்ட பொய்யா காட்டும், நீங்க அதுக்கு வெயிட்ட ஒட்டிட்டுப் போயிடுவீங்க. ஓட்டைய கம்பி பிரஷ் போட்டு தேச்சுட்டு, பொருத்தமான சைஸ் கோன முடிஞ்சவரைக்கும் உள்பக்கமா வச்சு, சக்கரத்த கையால சுத்திக்கிட்டே நட்ட டைட் பண்ணச் சொல்லுங்க.

சரியா உக்காந்துச்சான்னு பாக்க ஒரு வழி இருக்கு, இத கேக்க கூச்சமே படாதீங்க. ஜீரோ வந்தப்புறம் "தம்பி, நட்ட லூஸ் பண்ணி சக்கரத்த அரை சுத்து திருப்பி மாட்டி இன்னொருவாட்டி ஓட்டுப்பா"ன்னு சொல்லுங்க. மறுபடி ஜீரோ, இல்லன்னா அஞ்சு கிராமுக்குள்ள வந்தா நல்லது. 15, 20ன்னு வந்தா மாட்டுனதுலதான் கோளாறு, ஏன்னா மாட்டுனதுல இருந்த தப்பு திருப்பிப் போடும்போது ரெண்டு மடங்கா வெளிய வரும்.

அடுத்தது அளவு. உங்களுக்கு முன்னாடி வந்தது 12 இன்ச் ஆல்டோ, உங்களது 16 இன்ச் கிரெட்டான்னு வச்சுக்கோங்க, மெஷின்ல போட்டிருந்த பழைய ரிம் அளவு நம்பர மாத்தாம ஓட்டுனா கிராமும் தப்பு, இடமும் தப்பு. அலாய் வீல்ல உள்ள ஸ்டிக்கர் வெயிட் ஒட்டுறப்ப மெஷினும் அலாய் மோடுல இருக்கணும், நிறைய கடையில ஸ்டீல் ரிம் மோடுலயே விட்டுடுறாங்க. ஒட்டுற இடத்த தின்னர் போட்டு தொடைக்கலன்னா அந்த வெயிட் ரோட்ல எங்கயாவது விழுந்துடும்.

பழைய வெயிட்ட மொத்தமா கழட்டணும், டயர் கட்டையில மாட்டுன கல்லு, ரிம்முக்கு உள்ள காஞ்சு ஒட்டுன சேறு எல்லாத்தையும் எடுக்கணும், காத்தும் சரியா இருக்கணும். வண்டி வாரக்கணக்கா வெயில்ல ஒரே இடத்துல நின்னிருந்தா டயர் அடி கொஞ்சம் தட்டையாயிருக்கும், கொஞ்ச தூரம் ஓட்டிட்டு அப்புறமா கடைக்கு போங்க.

இன்னொண்ணு, நிறைய மெஷின் அஞ்சு கிராமுக்கு கீழ இருந்தா ஜீரோன்னே காட்டும். உண்மையான மிச்சத்த பாக்க ஒரு பட்டன் இருக்கும், அத அழுத்திப் பாக்கச் சொல்லுங்க.

சக்கரம் சுத்தும்போது ரிம் ஓரத்தயே பாருங்க. மேலயும் கீழயும் போய் வந்துச்சுன்னா ரிம் நெளிஞ்சிருக்கு, எவ்வளவு வெயிட் போட்டாலும் நிக்காது. பிரேக் போட்டா மட்டும் ஆடுதுன்னா டிஸ்க்க பாருங்க, ஒரு பக்கமா இழுத்தா அலைன்மென்ட், அதாவது சக்கரங்க நிக்குற கோணம், அத பாருங்க. ஸ்டியரிங் ஆடாம சீட்டு மட்டும் ஆடுச்சுன்னா முதல்ல பின்சக்கரம் ரெண்டையும் கழட்டச் சொல்லுங்க, முன்னாடி மட்டும் பண்ணா போதும்னு சொன்னா ஒத்துக்காதீங்க.